முதல் துண்டுத் தோல்

ஆம்பூரில் நான் குடியிருக்கும் தெருமுனையில், காலை ஏழு மணிக்கு முன்பே ஷூ கம்பெனிப் பேருந்துகள் வந்து நின்றுவிடும். அவற்றில் ஏறுபவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். என் மனைவியும் அவர்களுள் ஒருத்தி. ஷூவின் மேற்பாகத்தைத் தைக்கும் பிரிவில் பணிபுரிகிறாள். நானோ 28 ஆண்டுகள் தோல் வெட்டும் பிரிவில் நின்று ஓய்ந்தவன். கணினியைப் பற்றி எழுத எனக்குத் தகுதி ஏதுமில்லை. ஆனால் கணினியை முன்னிட்டு ஒரு தகப்பன் செய்த தவற்றை எழுதும் தகுதி எனக்கு உண்டு.

என் இளைய மகன் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் படித்தவன். நிரல் எழுதுவது இன்னதென்று அறியாதவன். ஆயினும் கணினியில் ஒரு விளையாட்டைத் தானே உருவாக்கிவிட வேண்டும் என்ற ஆசை அவனுக்கு நெடுநாளாக இருந்தது. அவன் வாய்விட்டுச் சொன்ன அன்றே நான் முந்திக்கொண்டேன். சீட்டுப் பணம் 40,000 ரூபாயை எடுத்துக்கொண்டு போய் ஒரு பயிற்சி நிலையத்தில் கட்டினேன். "பெரிய பெரிய நிறுவனங்களெல்லாம் பயன்படுத்தும் மென்பொருள் இது" என்றார்கள். 'பெரிய' என்ற சொல் எனக்குப் போதுமானதாயிற்று. இது உனக்குப் பிடித்திருக்கிறதா, புரிகிறதா என்று மகனை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டிலிருந்த பழைய கணினியால் அந்த மென்பொருளின் சுமையைத் தாங்க முடியவில்லை. வகுப்பில் நடந்த பாடத்தையோ இவனால் பின்தொடர முடியவில்லை. மூன்றாம் மாதம் போவதை நிறுத்திவிட்டான். கணினியின்மீது அவன் அம்மாவின் பழைய சேலைத்துண்டு ஒன்று போர்த்தப்பட்டது. ஒருநாள் இரவு, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "அப்பா, எனக்கு இதுக்கெல்லாம் மூளை இல்லை. உங்க கம்பெனியிலேயே சொல்லிச் சேர்த்துவிடுங்க."

தோல் தொழில் எங்களுக்குச் சோறு போட்ட தொழில். அதை நான் ஒருநாளும் தாழ்வாக எண்ணியதில்லை. ஆனால் விரும்பி ஒரு தொழிலுக்கு வருவது வேறு. தோற்றுப்போய் வந்து ஒதுங்குவது வேறு. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நான் தொழில் கற்ற நாள்கள் நினைவுக்கு வந்தன. என் மேஸ்திரி முதல் நாளிலேயே என்னிடம் முழுத்தோலைத் தந்தாரா? இல்லை. கழிவுக் கூடையிலிருந்த துண்டுத் தோலைத்தான் தந்தார். முதுகுப் பகுதி உறுதியானது, ஷூவின் முன்பக்கம் அதிலிருந்து வரவேண்டும். வயிற்றுப் பகுதி இழுத்தால் நீளும், அது கண்ணுக்குத் தெரியாத பாகங்களுக்கு மட்டுமே ஆகும். இவற்றையெல்லாம் துண்டுகளைத் தடவித் தடவியே கற்றேன். ஒரு சிறிய நாக்குப் பட்டையைப் பிழையின்றி வெட்டிக் கொடுத்த மாலையில்தான், 'நானும் ஒரு தொழிலாளி' என்ற எண்ணம் எனக்குள் பிறந்தது. என் மேஸ்திரி எனக்குச் செய்த நன்மையை என் மகனுக்கு நான் செய்யவில்லை. அவன் கையில் முழுத்தோலைக் கொடுத்துவிட்டு, வெட்டத் தெரியவில்லையே என்று வருந்திக்கொண்டிருந்தேன்.

எங்கள் பங்கில் கணினி கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவரிடம் மனம்விட்டுப் பேசினேன். அவர், "அண்ணா, எது சிறந்த மென்பொருள் என்று கேட்காதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள்" என்றார். நம் வீட்டுக் கணினியில் அது இயங்குமா? ஒரு வாரத்திற்குள் ஏதாவதொன்றை முடித்துப் பார்க்க முடியுமா? நாளை அதன் விலையும் விதியும் மாறினால் நம் உழைப்பு என்னாகும்?

மூன்றாவது கேள்வி எனக்கு வியப்பளித்தது. அவர் விளக்கினார். யூனிட்டி என்னும் புகழ்பெற்ற மென்பொருளின் நிறுவனம், குறிப்பிட்ட வருமானத்தையும் எண்ணிக்கையையும் தாண்டிய விளையாட்டுகளுக்கு, அவை நிறுவப்படும் ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு என்று 2023 செப்டம்பரில் அறிவித்தது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2024 செப்டம்பரில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. தொடக்கநிலையில் இருப்பவரை அது தொட்டிருக்காதுதான். ஆயினும், பிறர் கையிலுள்ள கருவியின் விதி ஒரே நாளில் மாறக்கூடும் என்பதை அது காட்டியது. 2014 முதல் கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கும் கோடோவில் அந்த அச்சம் இல்லை. ஆனால் அதில் நிரலை எழுதியே ஆகவேண்டும்.

ஆகவே அவர் காட்டிய முதற்படி ஸ்கிராட்ச். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மிட்செல் ரெஸ்னிக் என்பவரின் குழு 2007இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. எழுத்துக்கு எழுத்து நிரல் அடிக்க வேண்டியதில்லை. குழந்தைகள் கட்டைகளைப் பொருத்துவதுபோல் கட்டளைகளைப் பொருத்தினால் போதும். வாசற்படி தாழ்வாகவும், கூரை உயரமாகவும், சுவர்கள் அகலமாகவும் இருப்பதே நல்ல கருவி என்பது ரெஸ்னிக்கின் கொள்கை. அவருடைய ஆசான் சீமோர் பேப்பர்ட் படியையும் கூரையையும் சொன்னார். சுவர்களைச் சேர்த்தவர் ரெஸ்னிக். நானோ கூரையை மட்டுமே அண்ணாந்து பார்த்தேன். மகன் படியில் தடுக்கி விழுந்ததைப் பார்க்கவில்லை.

"என்ன விளையாட்டு செய்யப்போகிறாய்?" என்று ஆசிரியை கேட்டபோது மகன் விழித்தான். "உன் பாட்டி வீட்டுத் திண்ணையில் என்ன விளையாடினாய்?" என்றார். "ஆடுபுலி ஆட்டம், மிஸ்." 3 புலிகள், 15 ஆடுகள், 23 புள்ளிகள். பாட்டி கரிக்கட்டையால் கோடு கிழிப்பார், புளியங்கொட்டைகள் ஆடுகளாகும்.

"முழு ஆட்டமும் வேண்டாம். ஓர் ஆடு, ஒரு புலி. ஆடு நகரட்டும், புலி துரத்தட்டும். அதை முடித்துக்கொண்டு வா" என்றார். நான்கே நாளில் முடித்தான். சேலைத்துண்டை யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தபோது அது கொடியில் உலர்ந்துகொண்டிருந்தது.

பின்னர் அவன் ஜிடெவலப் என்னும் இலவச மென்பொருளுக்கு மாறினான். பிரான்சு நாட்டு ஃப்ளோரியன் ரிவால் தொடங்கியது அது. இன்ன நிபந்தனை நிறைவேறினால் இன்ன செயல் நடக்கட்டும் என்று வரிசைப்படுத்துவதே அதன் முறை. நிரல் எழுத வேண்டாமே தவிர, சிந்திக்காமல் இருக்க முடியாது. புலிக்கு அடுத்த புள்ளியில் ஆடு இருக்கவேண்டும். அதே கோட்டில் அதற்கும் அடுத்த புள்ளி காலியாக இருக்கவேண்டும். அப்போதுதான் புலி தாவலாம், ஆடு பலகையைவிட்டு நீங்கும். இந்த ஒரு விதியைச் சொல்லி முடிக்க அவனுக்கு ஒன்பது நாள்கள் ஆயின. அந்த ஒன்பது நாளும் அவன் சோர்ந்துபோய் நான் பார்க்கவில்லை. நான்கு நாளில் ஒன்றை முடித்தவன் அல்லவா!

ஒருநாள் மாலை, வேலை முடிந்து களைத்து வந்த என் மனைவியிடம் ஆட்டத்தைக் காட்டினான். அவள் ஆடுகள், அவன் புலிகள். சற்று நேரம் ஆடியவள் கையை எடுத்துவிட்டாள். "இது கள்ள ஆட்டம்டா. உன் புலி ரெண்டு ஆட்டைச் சேர்த்துத் தாண்டுது. அம்மா காலத்துல ஒண்ணைத்தான் தாண்டும்" என்றாள். நானும் மகனும் பலமுறை ஆடிப் பார்த்தும் காணாத பிழை அது. கணினியைத் தொட்டறியாத, ஆனால் நாளெல்லாம் தையலின் கோணலைக் கண்டுபிடித்துப் பழகிய கண்கள் அதைக் கண்டன.

இதனால் அவனுக்கு வேலை கிடைத்துவிடவில்லை. கட்டிய பணமும் திரும்பவில்லை. அடுத்து நிரல் எழுதவே கற்கப்போகிறான். இம்முறை அவனே கேட்டு, அவனே தேர்ந்தெடுத்திருக்கிறான். நம் பிள்ளைகளின் ஆசைக்குக் கருவி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர்களே, அதன் பெருமையைப் பார்க்குமுன் பிள்ளையின் கையைப் பாருங்கள். அந்தக் கை இன்று எதை முடிக்க இயலுமோ, அதுவே அதற்கு ஏற்ற கருவி.

அன்றிரவு அவன் அம்மாவை அருகில் அமர்த்திக்கொண்டு பிழையைத் திருத்தினான். இப்போது புலி ஓர் ஆட்டைத்தான் தாண்டுகிறது. அவள்தான் பெரும்பாலும் வெல்கிறாள்.