திரும்பி வருவதற்கான பை

எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது. அம்மாவின் பை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், காணி அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம், இரண்டு சேலை, ஒரு தீப்பெட்டி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. 2006 டிசம்பரில் வாகரையிலிருந்து காட்டு வழியே நாங்கள் நடந்து வெளியேறியபோது அம்மா தோளில் மாட்டி வந்த பை அது. எனக்கு அப்போது 16 வயது. ஷெல் சத்தம் கிட்ட வந்ததும் பத்தே நிமிடத்தில் அம்மா பை கட்டி முடித்தார். இதை வாசிக்கும் சகோதரிகள் பலருக்கும் அந்தப் பத்து நிமிடம் எப்படிப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே 2023 இல் எங்கள் மாதர் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து பேர், "இந்த வருசம் நாங்களும் கதிர்காமத்துக்கு நடந்து போவம் மிஸ், நீங்களும் வாங்க" என்று கேட்டபோது, பை கட்டுவது நமக்குப் பழகிய வேலைதானே என்று நினைத்தேன். அந்த நினைப்புப் பிழை என்பது பிறகுதான் தெரிந்தது.

செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாக வாரக்கணக்கில் நடந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அவ்வளவு நாள் வீட்டை விட முடியாது. பொத்துவில், பாணமை வழியாக உகந்தை முருகன் கோயில் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து குமண, யால காடுகளூடாகக் கதிர்காமத்துக்கு நடப்பது என்று முடிவு செய்தோம். கொடியேற்றத்தை ஒட்டிக் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும் அந்தக் காட்டுப் பாதையைத் திறப்பார்கள். அந்தத் திகதிகளை ஒவ்வோர் ஆண்டும் முன்கூட்டியே அறிவிப்பார்கள். நடக்க நான்கைந்து நாள் பிடிக்கும். இடையில் கடை கிடையாது. சில இடங்களில் அன்னதானமும் தண்ணீர்த் தாங்கியும் இருக்கும். ஆனால் அவற்றை மட்டும் நம்பிக் காட்டுக்குள் இறங்கக்கூடாது.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு எல்லோரும் பைகளைக் கட்டிக்கொண்டு சங்கக் கட்டடத்துக்கு வந்தோம். நெல் நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தோம். 13 கிலோ, 15 கிலோ. என்னுடையது 14. நம் உடல் நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தோளில் சுமந்தால் நெடுநடை தாங்காது என்பார்கள். எங்களில் அநேகர் 45, 50 கிலோவுக்குள்தான். அப்படியானால் தண்ணீரோடு சேர்த்து 9 கிலோவைத் தாண்டக்கூடாது.

பைகளைத் திறந்தோம். காணி உறுதி, பிள்ளைகளின் சான்றிதழ்கள், கல்யாண அல்பம், நகைப்பெட்டி, மூன்று போர்வை, ஒரு அரிவாள். ஒருவர் பேரப்பிள்ளைக்குக் கிடைத்த திரிபோஷாவைக் கொண்டுவந்திருந்தார். "அது பிள்ளைக்குரியது" என்று திருப்பி அனுப்பினோம். பைகளைப் பார்த்து முதலில் சிரித்தோம். பிறகு ஒருவரும் பேசவில்லை. நான்கு நாள் யாத்திரைக்கு நாங்கள் கட்டிய பைகள், இனி வீட்டுக்கு வரவே போவதில்லை என்பதுபோல இருந்தன.

அன்று மாலை எல்லோருமாகச் சேர்ந்து புதிதாக ஒரு கணக்குப் போட்டோம்.

அரிசி ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கால் கிலோ. ஆறு பேருக்கும் நான்கு நாளைக்கு 6 கிலோ. பருப்பு ஒன்றரைக் கிலோ. இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கஞ்சியாகவோ பொங்கலாகவோ காய்ச்சலாம். தேங்காயும் திருவலையும் வேண்டாம், தேங்காய்ப்பால் மா பைக்கற் போதும். உப்பு, மஞ்சள், மிளகு, புளி, தேயிலை எல்லாம் சிறு பொட்டலங்களாக. சமைக்க வழியில்லாத நேரத்துக்குச் சத்துமா: சிவப்பரிசி, பயறு, கடலை, எள்ளு வறுத்து அரைத்து, சீனி கலந்து, ஒருவருக்கு அரைக் கிலோ. சுடுநீர் விட்டுப் பிசைந்தால் ஒரு நேர உணவு. அதோடு ஒரு கை பேரீச்சம்பழம். பானை இரண்டு, அலுமினியத்தில். ஒருவர் பானை சுமந்தால் அவருடைய அரிசியை மற்றவர் சுமப்பார்.

தண்ணீருக்கு ஒன்றரை லீற்றர் போத்தல் இரண்டு. அதுவே 3 கிலோ. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி. அது முடிந்துபோனால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டமாக அளந்து கலக்கலாம்.

உடுப்பு, உடுத்திருப்பது தவிர இன்னும் ஒன்று. படுக்க, வெட்டி விரித்த உரப்பை. பாயைவிட இலேசு, நிலத்தின் ஈரமும் ஏறாது. போர்க்க ஒரு பழைய சேலை. ரோச், லைட்டர், முள் எடுக்க ஊசி, வழக்கமாக எடுக்கும் மாத்திரைகள் இரண்டு நாளைக்கு அதிகமாக. அடையாள அட்டையைப் பொலித்தீன் உறையில் வைக்க வேண்டும். மாதவிலக்குத் துணியை எல்லோரும் வைத்துக்கொள்ள வேண்டும். நாள் பார்த்துப் போனாலும் நடையும் வெயிலும் நாளை மாற்றிவிடலாம். குப்பையைத் திருப்பிக் கொண்டுவர வெறும் பை ஒன்று.

மறுபடி நிறுத்தோம். எட்டரை, ஒன்பது. ஒரு பை மட்டும் இறங்கவில்லை. நாங்கள் பெரியக்கா என்று அழைக்கும் ஒருவருடைய பை அது. அதற்குள் ஒரு பிளாஸ்ரிக் கோப்பு இருந்தது. 2007 இல் காணாமல் போன மகனுடைய படம், முறைப்பாட்டுப் பிரதிகள், பதினாறு வருடக் கடிதங்கள். தனியே நிறுத்தால் ஒன்றே கால் கிலோ.

"வீட்டில மகளிட்டக் குடுத்திட்டு வாங்க அக்கா" என்றேன்.

"வாகரையில எல்லாத்தையும் விட்டுட்டுத்தானே மனே வந்த நான். திரும்பிப் போகக்குள்ள என்ன இருந்திச்சி? இத விட்டுட்டு வரமாட்டன்."

சமூகவியல் படித்தவள் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கு அதற்குப் பதில் இருக்கவில்லை. அவருடைய அரிசியையும் ஒரு போத்தலையும் நாங்கள் பங்கிட்டுக்கொண்டோம். கோப்பு அவருடைய பையிலேயே இருந்தது.

வெயில் ஏறுமுன் நடக்க வேண்டும் என்பதால் விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் எழும்பினோம். காட்டில் யானையும் கரடியும் உண்டு. யாரும் தனித்துப் போவதில்லை. அரோகரா என்று குரல் கொடுத்தபடி கூட்டமாகத்தான் நடப்பார்கள். இரண்டாம் நாள் என் தோள் உரிந்துவிட்டது. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மற்றவர்களின் பைகளை எல்லாம் குறைக்கச் சொன்ன நான், யாருக்கும் தெரியாமல் இரண்டு கிலோ அரிசியைக் கூடுதலாக என் பையில் வைத்திருந்தேன். 2006 இல் மூன்று நாள் பசித்திருந்த பிள்ளை எனக்குள் இன்னும் இருக்கிறாள் போலும். குமுக்கன் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். பெரியக்கா ஒன்றும் சொல்லாமல் அந்த அரிசியை எடுத்துப் போய், பக்கத்தில் அடுப்பு மூட்டியிருந்த முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் பானையில் கொட்டினார். அன்றிரவு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

அந்தப் பாதையில் எல்லோருக்கும் ஒரே பெயர்தான், சாமி. கல்யாண வீடுகளில் பின்னுக்கு ஒதுங்கி நிற்கும் எங்கள் விதவைச் சகோதரிகளை, "சாமி, முன்னால போங்க" என்று வழிவிட்டு அழைத்தார்கள். மாணிக்க கங்கையில் குளித்தபோது ஆறு பேருடைய கால்களிலும் கொப்புளங்கள் இருந்தன. ஒருவருக்கும் வயிற்று நோய் வரவில்லை. பைகளில் எஞ்சியது ஒரு பிடி சத்துமா.

வீடு திரும்பிய பெரியக்கா முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் வெச்ச இடத்தில அப்படியே கிடக்கு மனே" என்றார்.

2024 இல் மறுபடி போனோம். நிறுக்கும் நாளில் பெரியக்காவின் பை எட்டரைக் கிலோ. கோப்பு இல்லை. "மகள்ற அலுமாரியில இருக்கு. படத்த மட்டும் எடுத்துக்கிட்டன்" என்றார். தேடுவதை அவர் நிறுத்திவிட்டார் என்று யாரும் எண்ண வேண்டாம். வந்த மாதமே அடுத்த கடிதத்தை எழுதுவித்தார்.

திரும்பி வருவோம் என்று நம்புகிறவளால்தான் எதையாவது வீட்டில் வைத்துவிட்டுப் போக முடியும். அந்த நம்பிக்கை நமக்குப் பேச்சால் வரவில்லை. போய், நடந்து, திரும்பி வந்து பார்த்த பிறகுதான் கொஞ்சம் வந்தது. உங்கள் ஊரிலும் நான்கைந்து பேர் சேர்ந்து, ஒரு நாள் நடையாக இருந்தாலும் போய் வாருங்கள். போகுமுன் பைகளை நிறுத்துப் பாருங்கள்.

அம்மாவின் பை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. அதை இறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அடுத்த முறை எங்களோடு நடக்க வருகிறீர்களா என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.