பாப்பாவுக்கு ஒரு ஷூ

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி மக்களே. வீட்லயும் ஒரு ஆணி புடுங்கினேன், அதான் இந்தப் பதிவு.

பாப்பாவுக்குப் பதிமூணு மாசம். போன மாசம் சுவத்தை விட்டுட்டுத் தனியா நாலு அடி வச்சா. நமக்குத்தான் தலைகால் புரியாதே! அன்னிக்கு சாயந்திரமே பாண்டி நேரு வீதிக்குப் போய், மிதிச்சா 'கீ கீ'ன்னு கத்துற ஷூ ஒண்ணு வாங்கினேன். கெட்டி சோல், கணுக்கால் வரைக்கும் மூடினது. "அவ அளவுக்கே வாங்குங்க"ன்னு தங்கமணி சொன்னாங்க. வளர்ற புள்ளைன்னு நான்தான் ஒரு சைஸ் கூட எடுத்தேன்.

மறுநாள் திருவாண்டார்கோயில்ல எங்க வீட்டு வாசல்ல மாட்டி நிறுத்தினேன். ரெண்டாவது அடியிலேயே ஷூ முனை தடுக்கி, குப்புற விழுந்து உதடு கிழிஞ்சிருச்சு. காயம் சீக்கிரமே ஆறிடுச்சு. ஆனா ஒன்பது நாள் அவ நடக்கவே இல்லை. நிக்க வச்சா காலை மடக்கிக்குவா. தங்கமணி என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு.

ராத்திரி முழுக்க உக்காந்து படிச்சேன். குழந்தை தரையைக் கால் விரலால பிடிச்சு, பாதத்தால உணர்ந்துதான் நடக்கக் கத்துக்குதாம். வீட்டுக்குள்ள வெறுங்கால்தான் நல்லது. பிஞ்சுப் பாதம் தட்டையாத் தெரியறது கொழுப்பால. வளைவு வர சில வருஷம் ஆகும். 1992-ல ராவ், பெஞ்சமின் ஜோசப்னு நம்ம நாட்டு மருத்துவர்கள் ரெண்டு பேர், 4 முதல் 13 வயசு வரைக்கும் 2300 பிள்ளைகளோட பாதத் தடத்தை ஆராய்ஞ்சு எழுதியிருக்காங்க. காலணி போடுறவங்கள்ல 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், போடாதவங்கள்ல 2.8 சதவீதம். முன்பக்கம் மூடின ஷூ போட்டவங்களுக்குத்தான் அதிகம்.

"இதைத்தானேடா நான் அன்னிக்கே சொன்னேன்"னாங்க அம்மா. ஆனா ஆயா சொல்றதும் பாதிதான் சரி. தோட்டத்து ஈர மண்ல கொக்கிப்புழு பாதம் வழியாவே உடம்புக்குள்ள போயிடும். முள்ளு, கண்ணாடிச் சில்லு வேற. அதனால வெளியில காலணி வேணும்.

பத்தாம் நாள் சாயந்திரம், கல்லுச் சூடு இறங்கினப்புறம், அம்மா அவளை எங்க ஊரு பஞ்சநதீஸ்வரர் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. சம்பந்தர் பாடின தலம், அப்ப இதுக்கு வடுகூர்னு பேரு. பிரகாரத்துல இறக்கி விட்டதும் பாப்பா ரொம்ப நேரம் கல்லையே பாத்துட்டு நின்னா. அப்புறம் ஒரு அடி. இன்னொண்ணு. ஏழு வரைக்கும் எண்ணினேன், அதுக்கு மேல கண்ணு சரியாத் தெரியலை :-)

இந்த வாரம் புதுசு வாங்கினோம். நிக்க வச்சுப் பாதத்தைப் பேப்பர்ல வரைஞ்சு எடுத்துட்டுப் போனேன். விரல் நுனிக்கு முன்னாடி அரை அங்குலம் இடம், அகலமான முன்பக்கம், கையால மடக்கினா விரல் பக்கம் வளையுற சோல், வழுக்காத அடி, குதிகால் உயரம் கிடையாது, ஒட்டுற பட்டை. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதரம் அளவு பாக்கணும். வெளியில போகும்போது மட்டும்தான் மாட்டுறோம்.

பழைய 'கீ கீ' ஷூ? அதை இப்ப கையில மாட்டிக்கிட்டுத் தரையில தட்டித் தட்டி விளையாடுறா. காசு வீணாகலை!

வர்ட்டா?