கீழ்பால் எல்லை

கிரயப் பத்திரம் ஒன்று கையிற் கிடைப்பின், விலையையும் சாட்சிகளையும் நோக்குமுன் செக்குபந்தி என்னும் பகுதியையே யான் வாசிப்பது வழக்கம். இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்ன தெருவுக்கு வடக்கு என அயலாரை நாற்புறமும் நிறுத்தி, நடுவே ஒரு வீட்டை இருத்துகின்ற அவ்வரிகளில் ஓர் அழகுண்டு. ஆயின் அவ்வயலார் அவ்வெல்லையை ஒப்புகின்றனரா என்பதைப் பத்திரம் சொல்வதில்லை.

எம் தந்தையார் காலஞ்சென்றபின், பாளையங்கோட்டையிலிருந்த எங்கள் வீட்டை விற்க நேர்ந்தது. தங்கையின் வைத்தியச் செலவுக்குப் பணம் உடனே வேண்டியிருந்தது. வீட்டின் கீழ்ச்சுவருக்கு அப்பால் 1½ அடி அகலமும் 40 அடி நீளமுமுள்ள ஒரு துண்டு நிலம் உண்டு. எங்கள் பத்திர அளவின்படி அது எம்முடையது. அடுத்த வீட்டு அம்மையாரின் பத்திரப்படி அவருடையது. நீதிமன்றம் ஏறாத பூசல் அது. சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வந்து அத்துண்டில் ஏணியை ஊன்றும்போது எழும்; ஏணியை எடுத்ததும் அடங்கும்.

“வில்லங்கச் சான்று சுத்தமாயிருக்கிறது, ஐயா. கேளாத கேள்விக்கு விடை எதற்கு?” என்றார் தரகர். சான்று சுத்தம் என்பது மெய்யே. பதிவான ஆவணங்களையே அது காட்டும். வெள்ளையடிப்பவரிடம் அம்மையார் சொல்லும் ஆட்சேபம் அதில் ஏறாது. அதனாலன்றோ நாம் சொல்லவேண்டியதாகிறது! சொத்தில் அல்லது தம் உரிமையில் உள்ள முக்கியமான குறை, தாம் அறிந்ததும் வாங்குபவர் அறியாததும் சாதாரண ஜாக்கிரதையால் அவர் கண்டுகொள்ள முடியாததுமாயின், வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து அதனை விற்பவர் வெளியிடக் கடமைப்பட்டவர் என்கிறது 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. வெளியிடாது விடுவதை அது மோசடி என்றே கொள்கிறது.

தம்பி சட்டத்தை மறுக்கவில்லை. “60 சதுர அடிக்காக அவள் வைத்தியத்தைத் தள்ளிப் போடுவதா, அண்ணா?” என்று மட்டும் கேட்டான். அவனுக்குச் சொல்லத்தக்க விடை என்னிடம் இருக்கவில்லை.

பத்திர எழுத்தர் வரைவைக் கொண்டுவந்தார். சொத்தில் எவ்வித வில்லங்கமும் விவகாரமும் இல்லையென்னும் வழக்கமான உறுதி அதில் இருந்தது. வாரிசுகளுள் ஒருத்தியாகையால் தங்கையும் அதன்கீழ்க் கையொப்பமிட வேண்டியவள். படுக்கையிலிருந்தே முழுவதையும் வாசித்தாள். “கிழக்கு வீட்டு அத்தை சண்டையை இதில் காணோமே, அதையும் எழுதச் சொல்லுங்கள்” என்றாள். தம்பி அதன்பின் பேசவில்லை.

பட்டா நகல், புலப்பட நகல், இரு பத்திரங்களின் அளவுகள் யாவற்றையும் ஒரு கடிதத்துடன் வாங்குபவரிடம் கொடுத்தோம். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், நிதானமானவர். நில அளவருக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். அளவர் வந்து சங்கிலியிட்டு, சுவரின் வெளிமுகத்தை ஒட்டியே கோடு செல்வதாகக் காட்டினார். உரிமையைத் தீர்ப்பது உரிமையியல் நீதிமன்றமேயாயினும், அக்கோட்டுக்கு எதிராக வழக்காட எங்களுக்கு மனமில்லை. துண்டு நிலத்தை நீக்கிப் பத்திரம் எழுதினோம்; சுவரைப் பழுது பார்க்க அதில் நின்றுகொள்ள அம்மையார் எழுத்து மூலம் இசைந்தார். விலையில் ஒரு பகுதி குறைந்தது. கிரயம் முடிய இரண்டு மாதம் தாழ்ந்தது.

அவ்விரண்டு மாதமும் தங்கையின் வைத்தியம் தம்பி மனைவியின் சங்கிலியை அடகு வைத்து நடந்தது. அதைக் கழற்றிக் கொண்டுவந்தவன் தம்பியே.