கேமரன் மலையும் உறங்காத தேயிலையும்

தாப்பாவில் பேருந்து ஏறும் பயணிகளின் கழுத்தோரம் வியர்வை வழிகிறது. சன்னலை எவ்வளவு திறந்தாலும் காற்று போதவில்லை. சாலையின் இரு பக்கமும் ரப்பர், செம்பனை, டுரியான் மரங்கள் நிற்கின்றன. தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர்தான். ஆனால், அந்தச் சாலையில் நேராக ஓடும் பகுதி மிகக் குறைவு. வளைவுக்கு மேல் வளைவாக வண்டி ஏறுகிறது. மூங்கில் புதர்களும், பூர்வக்குடி மக்கள் தேனும் பெத்தாய்க் காயும் விற்கும் சிறு குடில்களும் பின்னே நகர்கின்றன. ரிங்லெட்டை நெருங்கும்போது யாரோ ஒருவர் சன்னலைச் சாத்துகிறார். தானா ராத்தாவில் வண்டி நிற்கும்போது, சற்றுமுன் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்த பெரியவர் பையைத் திறந்து கம்பளிச் சட்டையைத் தேடுகிறார்.

இந்த இரண்டு மணி நேரத்தில் நாடு மாறவில்லை, பருவமும் மாறவில்லை. மாறியது உயரம் மட்டுமே. தாப்பா கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கிறது. தானா ராத்தாவோ ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த காற்று விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது புவியியல் பாடத்தில் வரும் கணக்கு. சமவெளியின் சராசரி வெப்பநிலையான 27 டிகிரியிலிருந்து அந்த அளவைக் கழித்தால் 18 டிகிரிக்கு அருகில் வந்து நிற்கும். தானா ராத்தாவின் ஆண்டுச் சராசரியும் ஏறத்தாழ அதுதான். பாடநூல் கணக்கு இவ்வளவு ஒழுங்காகத் தரையில் பொருந்தும் இடங்கள் அதிகமில்லை.

மலேசிய வானிலைப் பதிவுகளில் மிக உயர்ந்த வெப்பநிலையாகக் குறிக்கப்பட்டிருப்பது, 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் பதிவான 40.1 டிகிரி. மிகக் குறைந்தது, 1978 பிப்ரவரி 1ஆம் நாள் கேமரன் மலையில் பதிவான 7.8 டிகிரி. அந்த விடியலில் கொழுந்து பறிக்கக் கூடையுடன் கிளம்பியவர்களின் விரல்கள் எப்படி இருந்திருக்கும் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

தேயிலைச் செடிக்கு இந்தக் குளிர் பிடிக்கும். நல்ல மழையும், வேரில் நீர் தேங்காத சரிவும், சற்றுப் புளிப்புத்தன்மை கொண்ட மண்ணும் அதற்குத் தேவை. ஆசியாவின் புகழ்பெற்ற தேயிலை மலைகள் பலவும் இவற்றைக் கொண்டவைதாம். ஆனாலும், அவற்றின் வானிலை ஒன்றல்ல. இந்தியாவின் வடக்கே, இமயமலைச் சரிவில் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள டார்ஜிலிங், நிலநடுக்கோட்டிலிருந்து 27 பாகை வடக்கே இருக்கிறது. அங்குக் குளிர்காலம் வந்தால் செடி துளிர்ப்பதை நிறுத்திவிடும். கொழுந்து பறிப்பும் நின்றுவிடும். தமிழ்நாட்டின் நீலகிரி 11 பாகையில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கு உறைபனி இறங்கி, பள்ளங்களில் நிற்கும் செடிகளைக் கருக்கிவிடுவதுண்டு. இலங்கையின் நுவரெலியா 7 பாகையில், 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கும் ஆண்டின் தொடக்கத்தில் சில நாள்களில் உறைபனி விழும்.

கேமரன் மலை நிலநடுக்கோட்டுக்கு வெறும் நாலரை பாகை தொலைவில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழ ஒரே நீளம்தான். மாதத்துக்கு மாதம் வெப்பநிலை அதிகம் மாறுவதில்லை. நண்பகலுக்கும் நள்ளிரவுக்கும் இடையே உள்ள வேறுபாடே பெரிது. தேயிலைத் தோட்டங்களில் செடியைக் கருக்கும் பனியும் இல்லை. அதை உறங்க வைக்கும் குளிர்காலமும் இல்லை. ஜனவரியிலும் கொழுந்து விடும்; ஜூலையிலும் விடும். பறித்த செடி ஏறத்தாழ மூன்று வாரத்தில் மீண்டும் பறிக்கத் தயாராகிவிடும்.

இதை இயற்கையின் கொடை என்று எழுதிவிட்டுப் போவது எளிது. தோட்ட முதலாளிக்கு அது கொடைதான். ஆனால், செடி உறங்காத மலையில் பறிப்பவரின் கையும் ஓய முடியாது. ஒரு மொட்டும் இரண்டு இலையுமாகக் கிள்ளவேண்டும். முற்றிய இலை கூடையில் விழுந்தால் தேநீரின் தரம் கெடும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும். இந்தக் கணக்குகள் எல்லாம் பறிப்பவரின் முதுகில் தொங்கிய கூடையில்தான் நிறைவேறின.

அந்தக் கூடைகள் இந்த மலைக்கு வந்த வரலாறு மிகப் பழையதன்று. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் பேராக், பகாங் எல்லைப் பகுதியில் ஆய்வுக்கு வந்தபோது, மலைகளால் சூழப்பட்ட ஒரு மேட்டுநிலத்தைக் கண்டதாகக் குறிப்பு எழுதினார். அவர் வரைந்த வரைபடம் பின்னாளில் கிடைக்கவே இல்லை. பெயர் மட்டும் மலைக்கு நிலைத்துவிட்டது. ஆங்கிலேயர் கண்டபோதுதான் மலை பிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. செமாய் மக்களும் தெமியார் மக்களும் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அந்தக் காட்டின் ஆறுகளையும் தடங்களையும் அறிந்தவர்கள்.

1929ஆம் ஆண்டில் ஜே.ஏ. ரசல் என்பவர் இங்குப் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய மில்ன் என்ற தோட்டக்காரர் அவருக்குத் துணை நின்றார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. நீலகிரியிலும் இலங்கையிலும் காட்டைத் தேயிலைத் தோட்டமாக்கிய வரலாற்றில் பங்குபெற்ற தமிழ்த் தொழிலாளர்களின் கைகளே இங்கும் வேண்டப்பட்டன. சமவெளியின் வெயிலுக்குப் பழகிய குடும்பங்கள் லயத்து வீடுகளில் குளிரோடு குடியேறின. காடு வெட்டி, சரிவில் வரிசை பிடித்து, கன்று நட்டு, ஆள் நடக்க வழிவிட்டுச் செடியை இடுப்பளவில் வெட்டி வளர்த்தார்கள். இன்று சுற்றுப்பயணிகள் படம்பிடிக்கும் அந்தப் பச்சை மடிப்புகள் இயற்கையாக அமைந்தவை அல்ல. அவை கத்தியும் மண்வெட்டியும் வரைந்த கோடுகள். இப்போது பல சரிவுகளில் இருவர் பிடித்துச் செல்லும் இயந்திரம் இலையை வாரிக்கொள்கிறது. அதைப் பிடிப்போரில் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் உள்ள தமிழ்ப்பள்ளிகளும் பிரிஞ்சாங்கில் உள்ள தெண்டாயுதபாணி கோயிலும், அவர்களுக்கு முன்னே வந்தவர்கள் விட்டுச்சென்ற அடையாளங்கள்.

தோட்டத்தில் வாழ்ந்த முதியவர்களுக்கு வானிலை அறிக்கை தேவைப்பட்டதில்லை. பள்ளி விடுமுறைக்குச் சமவெளியிலிருந்து வந்த பேரன், காலை வெயிலைப் பார்த்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடப் பார்க்கிறான்.

"பாட்டி, இன்னைக்கு மழையே வராது, பாருங்க! வானம் எவ்வளவு தெளிவா இருக்கு!"

"வானத்தைப் பார்க்காதேய்யா, மலையைப் பாரு. பிரிஞ்சாங் மலை முக்காடு போட ஆரம்பிச்சிடுச்சு. மத்தியானச் சோத்துக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துடு."

பாட்டியின் சொல்லுக்குப் பின்னே புவியியல் இருக்கிறது. காலை வெயிலில் பள்ளத்தாக்கு சூடேறுகிறது. ஈரம் நிறைந்த காற்று சரிவைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. ஏறும் காற்று குளிர, அதிலுள்ள நீராவி மூடுபனியாகி 2,031 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலையின் உச்சியை முதலில் மறைக்கிறது. பிறகு மேகம் திரண்டு, பிற்பகலில் மழையாக இறங்குகிறது. தெளிவான காலை என்பது பல நாள்களில் மழைக்கான முன்னேற்பாடுதான்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை இங்குப் பெய்கிறது; சென்னையில் பெய்வதைப் போல ஏறக்குறைய இருமடங்கு. அந்த மழை பருவக்காற்றின் உச்சத்தில் அதிகமாகப் பெய்வதில்லை என்பது வியப்பான செய்தி. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலிலிருந்து வந்து கிழக்குக் கரை மாநிலங்களை நனைக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றைச் சுமத்திரா தீவின் மலைகள் இடையே நின்று தடுத்துக்கொள்கின்றன. ஒரு காற்று ஓய்ந்து மற்றொன்று தொடங்கும் இடைவேளைகளில், அதாவது ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும்தான் கேமரன் மலையில் மழை மிகுதி.

அந்த மழை எங்கே போகிறது? தித்திவாங்சா மலைத்தொடர் தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பு. ஓட்டின் முகட்டில் விழும் மழை இரு பக்கமும் பிரிந்து ஓடுவதுபோல, அதன் மேற்குச் சரிவு நீர் மலாக்கா நீரிணைக்கும், கிழக்குச் சரிவு நீர் தென்சீனக் கடலுக்கும் செல்கிறது. கேமரன் மலையின் பெர்த்தாம் ஆறும் தெலோம் ஆறும் கிழக்கு நோக்கியவை. ஜெலாய் ஆற்றோடு கலந்து, பகாங் ஆறாகித் தென்சீனக் கடலை அடைய வேண்டியவை. ஆனால், 1963இல் ரிங்லெட்டில் பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபூபக்கர் அணை கட்டி முடிக்கப்பட்டது. தேங்கிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே மேற்கே பேராக் பக்கம் இறக்கப்பட்டு மின்சாரம் எடுக்கப்படுகிறது. கிழக்குக் கடலுக்குப் போக வேண்டிய மழைநீர் இவ்வாறு மேற்குக் கடலுக்குத் திருப்பப்பட்டது. மலை பிரித்து வைத்ததை மனிதன் ஒரு துளையால் மாற்றிவிட்டான்.

நீரை மாற்ற முடிந்த அளவுக்கு மண்ணைப் பிடித்துவைக்க முடியவில்லை. இந்த மலைத்தொடரின் அடியில் கருங்கல் பாறை கிடக்கிறது. வெப்பமும் ஈரமும் அதை நெடுங்காலமாகச் சிதைத்து, மேலே ஆழமான மண்ணாக்கி வைத்திருக்கின்றன. காடு இருக்கும்வரை அந்த மண் அசையாது. மரக்கிளைகள் மழையின் வேகத்தைத் தணிக்கும். வேர்கள் மண்ணைக் கட்டி வைக்கும். உச்சியில் உள்ள பாசிக்காடு மூடுபனியையே உறிஞ்சிக் குடித்து, அந்த நீரைச் சிறிது சிறிதாக ஓடைக்கு விடும். காட்டை வெட்டிய இடத்தில் அந்தக் காவல் போய்விடுகிறது. தேயிலையும் காட்டை அழித்து வந்த பயிர்தான். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், வளர்ந்து நெருங்கிய தேயிலைச் செடி சரிவைப் போர்வைபோல் மூடிக்கொள்கிறது. பல பத்தாண்டுகள் ஒரே இடத்தில் வேரூன்றி நிற்கிறது. காய்கறித் தோட்டம் அப்படியன்று. சில மாதத்துக்கு ஒருமுறை மண் கிளறப்படுகிறது. நெகிழிக் கூரையில் விழும் மழை மண்ணுக்குள் இறங்காமல் ஒரே ஓட்டமாகக் கால்வாய்க்குப் பாய்கிறது. காட்டிலிருந்து குறைவாகவும், தேயிலைச் சரிவிலிருந்து அதைவிடக் கூடுதலாகவும், காய்கறிச் சரிவிலிருந்து மிக அதிகமாகவும் மண் அரித்து வருவதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே அளந்து சொல்லிவிட்டார்கள். கேமரன் முட்டைக்கோசையும் தக்காளியையும் விரும்பி வாங்கும் சமவெளிக்காரர்களுக்கும் அந்தச் சேற்றில் பங்கு உண்டு.

அரித்து வந்த மண் அணைக்குப் பின்னே ரிங்லெட் ஏரியில் படிந்தது. படியப் படிய ஏரியில் நீர் தங்கும் இடம் சுருங்கியது. 2013 அக்டோபர் 23ஆம் நாள், இடைப்பருவ மழை உச்சத்தில் இருந்த நேரம். இரவில் பெய்த கனமழையில் ஏரி நிரம்பியது. அணைக்கு ஆபத்து நேராதிருக்க நீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஆற்றோரம் உறங்கிக்கொண்டிருந்தவர்களின் வீடுகளுக்குள் சேறும் நீரும் புகுந்தன. வீடுகளும் வண்டிகளும் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் பறிபோயின. மழை அந்த ஆண்டுதான் புதிதாகப் பெய்ததா? இல்லை. அதே அக்டோபர் மழைதான் அந்த மலையில் ஆண்டுதோறும் பெய்துவந்தது. அது தங்கியிருந்த இடத்தில் மண் வந்து அமர்ந்துகொண்டது.

இன்றும் பிற்பகல் மழை விட்டபின் கேமரன் மலைச் சாலையில் செல்பவர்கள் ஓடைகளைப் பார்த்தே மேலே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். காட்டுக்குள்ளிருந்து வரும் ஓடையில் கூழாங்கல் தெரியும். புதிதாக வெட்டிய சரிவிலிருந்து வரும் ஓடை, பால் கலந்த தேநீரின் நிறத்தில் நுரைத்து ஓடும். இரண்டும் பெர்த்தாம் ஆற்றில் கலந்து ரிங்லெட்டை நோக்கிப் போகின்றன. அங்கே ஏரியின் அடியிலிருந்து இயந்திரங்கள் மண்ணை அள்ளிக்கொண்டிருக்கின்றன. மேலே, பிரிஞ்சாங் மலையில், மறுநாள் மழைக்கான மூடுபனி இறங்கத் தொடங்குகிறது.