புத்தளத்தோடு நிற்கும் பாதை

இலங்கைப் புகையிரதங்களைப் பற்றி எழுதப் புகுந்தவர் எவரும் மலைநாட்டுப் பாதையை விட்டுவைத்ததில்லை. தேயிலைச் சரிவுகளும், சுரங்க வழிகளும், தெமோதரையில் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு இறங்கும் தண்டவாளமும் கண்ணைக் கவர்வன, மறுப்பாரில்லை. மேலைக் கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் புத்தளப் பாதைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. இராகமையில் பெரும்பாதையை விட்டுப் பிரியும் இக்கிளை 1909இல் நீர்கொழும்பையும், 1916இல் சிலாபத்தையும், 1926இல் புத்தளத்தையும் எட்டியது. எட்டிய இடத்திலேயே, பிரயாணியைப் பொறுத்தவரை, நின்றும்விட்டது. நூறாண்டுப் பழமை வாய்ந்த இப்பாதையைப் பற்றி நம் மாணவர் பலருக்கு ஒரு வரியும் தெரியாது. ஆகவே, 2024இல் ஒரு விடுமுறை நாளில் இவ்வழியே நாம் சென்று வந்ததையும், அங்கே ஒரு புகையிரதப் பித்தரிடம் கேட்டு வந்ததையும் இங்கே எழுதலானோம்.

சிலாபத்தில் வண்டி ஏறினோம். முன்னேசுவரப் பெருமானை வணங்கிவிட்டு வந்த அடியார் சிலர், மீன் கூடையோடு ஒரு மூதாட்டி, பாடசாலைப் பிள்ளைகள் என்று பெட்டி நிறைந்திருந்தது. தெதுரு ஓயாவைக் கடந்ததும் தென்னந்தோப்புகள் இருமருங்கும் அணிவகுத்து வந்தன. ஆனைவிழுந்தான் என்னும் நிலையம் வந்தபொழுது, பெயரைக் கேட்ட சிறுவன் ஒருவன் "எந்த ஆனை, எங்கே விழுந்தது?" என்று தாயைத் தொல்லைப்படுத்தினான். அவ்வூரின் சிறுகுளத் தொகுதி 2001இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. நீர்ப்பறவைகளைக் காண விரும்புவோர் அங்கே இறங்கலாம். அடுத்துப் பத்துளு ஓயா. திரௌபதியம்மன் தீமிதிப்புக்குப் பேர்பெற்ற தமிழ் மீனவர் ஊராகிய உடப்புக்குச் செல்வோர் இறங்குமிடம் அது. பின்னர்ப் புளிச்சாக்குளம், முந்தல், மதுரங்குளி. தென்னை அடர்த்தி குறைந்து, முட்புதரும் வெளியும் தலைகாட்டின. இறால் வளர்ப்புக்காக வெட்டப்பட்டு, வெண்புள்ளி நோய் வந்தபின் கைவிடப்பட்ட பாத்திகளும் இந்தக் கரையில் பல உள. பாலாவியை நெருங்கும்பொழுது உப்பளங்கள் வெயிலில் வெண்மையாய் விரிந்தன, கண் கூசியது.

புதிய அளம் என்பதே புத்தளம் ஆயிற்று என்பர். அளம் என்றால் உப்பு விளையும் நிலம். 1344இல் இலங்கைக்கு வந்த இபுன் பதூதா என்னும் அறபு யாத்திரிகர், ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டது இத்துறையில்தான். பின்னர் இங்கிருந்தே பாவாதமலைக்குப் புறப்பட்டார். புகையிரதம் வருமுன்னர், ஒல்லாந்தர் காலத்துக் கால்வாயும் களப்புகளுமே இக்கரைக்குப் பெருவழியாக இருந்தன. கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வழியாகப் புத்தளக் களப்பு வரை படகிலேயே சரக்கை நகர்த்தலாம். இரும்புப் பாதை வந்தபின் கால்வாய் தூர்ந்தது. ஒரு வழி பிறந்தால் மற்றொரு வழி மடிவது போக்குவரத்தின் பழைய சுபாவம்.

பாதை புத்தளத்தோடு நிற்கின்றது என்றோம். தண்டவாளம் நிற்கவில்லை. நூர் நகரைத் தாண்டி அது காட்டுக்குள் நுழைந்து அருவக்காலு என்னும் இடம்வரை செல்கின்றது. அங்கே சுண்ணக்கல் வெட்டுகின்றனர். கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இறுகிக் கல்லான பாறை அது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடப்பதும் இவ்வினத்துக் கல்லே. வெட்டிய கல்லைப் பாலாவிக்கு அருகிலுள்ள சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சேர்ப்பதற்காகவே அந்தத் தண்டவாளம் போடப்பட்டது.

கல்லுக்குப் பின் வேறொரு சரக்குக்கும் இப்பாதை நினைக்கப்பட்டது. 2017 ஏப்பிரல் 14ஆம் நாள், புத்தாண்டன்று, கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது; முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின், தலைநகரின் குப்பையைக் களனியில் கொள்கலங்களில் அடைத்துப் புகையிரதத்தில் அருவக்காலுவுக்குக் கொண்டுசென்று புதைக்கும் திட்டம் விரைவுபெற்றது. புத்தளத்து மக்கள் 2018இலும் 2019இலும் வீதியில் இறங்கி எதிர்த்தனர். மீதொட்டமுல்லையில் மாண்ட ஏழைகளின் துயரும் பெரிது. தம் களப்பையும் கிணற்றையும் எண்ணி அஞ்சிய புத்தளத்தாரின் கவலையும் நியாயமானது. இந்த வழக்கைத் தீர்த்துவைக்க நாம் முற்படவில்லை.

திரும்பும் வழியில் சிலாபத்தில் இறங்கி, மேலே சொன்ன பித்தரைக் காணச் சென்றோம். அவர் ஓய்வுபெற்ற நிலைய அதிபர், எழுபதைத் தாண்டியவர். வீட்டின் பின்னறை முழுவதையும் பதினாறடிப் பலகை ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் சிலாபம் முதல் புத்தளம் வரையுள்ள பாதை, கைவேலையாக அமைக்கப்பட்டு ஓடியது. தென்னைகள் ஈர்க்கிலும் பச்சைக் கடதாசியிலும் செய்யப்பட்டவை. களப்பு ஒரு பழைய நிலைக்கண்ணாடி. பாலாவி உப்பளத்துக்கு முதலில் அசல் உப்பையே பரப்பினாராம். மாரி காலத்தில் உப்பு ஈரத்தை இழுத்துத் தண்டவாளத்தைத் துரு அரித்துவிட, இப்பொழுது சிப்பித் தூள். "ஊரிலே உப்பு என்ன செய்யுமோ, வீட்டிலும் அதையேதான் செய்தது, மாஸ்டர்" என்று சிரித்தார்.

விளையாட்டுப் புகையிரதம் என்று இதை எளிதாக எண்ணிவிடலாகாது. இங்கிலாந்தின் லிவர்பூலில் பிராங்க் ஹோர்ன்பி என்பவர் 1920இல் சாவி முடுக்கி ஓடும் வண்டிகளை விற்பனைக்கு விட்டார். பிள்ளைகளுக்கென்று செய்ததைத் தந்தையர் பறித்துக்கொண்டனர். இன்று பரவலாக வழங்கும் அளவு 87இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் இராகமையிலிருந்து புத்தளம் வரையுள்ள ஏறக்குறைய 120 கிலோமீற்றர் பாதையை உள்ளபடி அமைத்தால், ஒன்றேகால் கிலோமீற்றருக்கு மேல் நீளும் அறை வேண்டும்! ஆகவே, சில நிலையங்களைத் தெரிந்தெடுத்து இடைவெளியைச் சுருக்குவர். நம் நண்பருக்கு அதிலே வருத்தமில்லை. அவருடைய வருத்தம் வேறு. கடையில் கிடைக்கும் சிறு தண்டவாளத்தின் இடையகலம் 16.5 மில்லிமீற்றர்; அது ஐரோப்பிய அகலத்துக்கு அளந்தது. நம் நாட்டு அகலப்பாதை 1,676 மில்லிமீற்றர். அதை 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீற்றரைத் தாண்டும். "என் வண்டியெல்லாம் இடுப்புச் சிறுத்துப் போனவை" என்று அவர் குறைப்பட்டார். நமக்கு அவ்வேறுபாடு கண்ணுக்கே புலப்படவில்லை என்பதை அவரிடம் சொல்லத் துணியவில்லை.

எஞ்சின்களுள் ஒன்று, 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய டீசல் எஞ்சினின் படி. அவ்வரிசைக்கு ஒன்றாரியோ, அல்பேட்டா என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களே சூட்டப்பட்டன. அவை அரை நூற்றாண்டு கடந்தும் உழைத்தன. புதிதாய் வாங்குவதைக் காட்டிலும் உள்ளதைப் பேணுவதில் நாட்டுக்கு இலாபம் மிகுதி என்பதற்கு இவரிடம் இது முதற் சான்று.

அடுத்து நடந்ததை மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். அவருடைய பேரன், பத்து வயதுப் பையன், இரண்டு வண்டிகளை எதிரெதிரே விட விரும்பினான். தாத்தா ஒரு பித்தளைப் பொத்தானை நீட்டினார். "இது கையில் இருந்தால்தான் இந்தத் துண்டுக்குள் நுழையலாம்." இலங்கையின் ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலம் வழங்கிவரும் டப்லட் முறையின் சிற்றுரு அது. இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. ஒரு தகடு வெளியே வந்துவிட்டால், அது திரும்பப் பெட்டிக்குள் சேரும்வரை மறு தகடு வராது. தகடில்லாத சாரதி வண்டியை அசைக்க மாட்டார். எதிர்வண்டியோடு மோதல் நேராதிருக்க இதனினும் எளிய வழி காண்பதரிது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. இரு நிலையங்களுக்கிடையே செல்லப் பதினைந்து நிமிடமானால், இரு திசைக்கும் சேர்த்து மணிக்கு நான்கு வண்டிகளுக்கு மேல் இயலாது. தகடு மாறும் நேரத்தையும் கழித்தால் மூன்றே. பையன் பொறுமையிழந்தான். தாத்தா பலகையின் நடுவே ஒரு சிறு துணைத் தடத்தைப் பொருத்தினார். புகையிரதத்தார் இதை லூப் என்பர். ஒரு வண்டி அதில் ஒதுங்கி நிற்க, மற்றது கடந்தது. ஓடிய வண்டிகளின் தொகை ஏறக்குறைய இரட்டித்தது. "புதுப் பாதை ஒரு முழம்கூடப் போடவில்லை, பார்த்தீர்களா? மந்திரிமார் திறந்துவைக்க லூப்பிலே நாடா கட்ட முடியாது. அதுதான் தடை."

இந்தக் குத்தல் பேச்சில் பொருள் உண்டு. மாத்தறையிலிருந்து பெலியத்தை வரை சுமார் 27 கிலோமீற்றர் புதுப்பாதை 2019 ஏப்பிரலில் திறக்கப்பட்டது. நெடும்பாலங்களும் சுரங்க வழியும் கொண்ட அவ்வேலைக்குச் சீனக் கடன் ஏறத்தாழ 28 கோடி அமெரிக்க டொலர். போரினால் அழிந்த வடபாதை இந்தியக் கடனுதவியோடு மீண்டு, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும், 2015 மார்ச்சில் தலைமன்னாரையும் அடைந்தது. வடபாதை மீண்டதில் மகிழாத தமிழர் இல்லை. புத்தளப் பாதைக்கோ சிலாபத்துக்கு வடக்கே அத்தகைய பெருமுதல் வந்ததில்லை. வருமானம் குறைவு என்பார்கள். பாதை மேலே எங்கும் போகாததால் பிரயாணி குறைவு. பிரயாணி குறைவென்பதால் பாதையை மேலே கொண்டுபோவாரில்லை. இந்தச் செக்கைச் சுற்றியே நூறாண்டு கழிந்தது.

பிரித்தானியாவிலும் இதே கணக்கைப் போட்டார்கள். 1963இல் பீச்சிங் என்பவர் தம் அறிக்கையில் ஏறக்குறைய 5,000 மைல் பாதையையும் 2,363 நிலையங்களையும் மூடும்படி சொன்னார். கிளைப் பாதைகளைத் தனித்தனியே நிறுத்துப் பார்த்தார். கிளையில் ஏறுபவனே பெரும்பாதைக்கும் பிரயாணி என்பது தராசில் போதிய எடை பெறவில்லை என்பர். ஸ்கொத்லாந்தில் 1969இல் மூடிய ஒரு பாதையின் ஒரு பகுதியை 2015இல் மறுபடி புதிதாய்ப் போட நேர்ந்தது. நண்பர் இவற்றையெல்லாம் ஆண்டு பிசகாமல் ஒப்பித்தார்.

இனி, பாதை எங்கே போகவேண்டும்? தேசப்படத்தில் புத்தளத்துக்கு நேர் வடக்கே மன்னார். நேர்க்கோட்டில் ஏறத்தாழ 105 கிலோமீற்றர். புகையிரதத்தில் செல்வதானால், தெற்கே இராகமைக்கு இறங்கி, பொல்காவலை, அனுராதபுரம், மதவாச்சி என்று சுற்றி, 400 கிலோமீற்றர் அளவு ஓட வேண்டும். இது வெறும் படக் கணக்கன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த பல்லாயிரவர் இந்தப் புத்தளக் கரையில் குடியேறினர். பள்ளிவாசலும் பனங்காணியும் அங்கே. பிள்ளைகள் பிறந்து படித்தது இங்கே. நல்லது கெட்டதுக்கு இரு ஊருக்கும் நடையாய் நடக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. நாம் ஏறிய வண்டியிலேயே அத்தகையோர் இருவர் இருந்தனர். புத்தளத்தில் இறங்கி, வடக்கே போகும் பஸ்ஸைத் தேடி ஓடினார்கள்.

மன்னாருக்கு நேரே போடு என்பதே இளமையில் நண்பரின் கட்சி. இப்பொழுது மாறிவிட்டார். நடுவே கிடப்பது வில்பத்து; 1938 முதல் தேசிய வனம். 2025 பெப்பிரவரியில் ஹபரணைப் பக்கத்தில் புகையிரதம் மோதி ஒரே இரவில் ஆறு யானைகள் மாண்டதை நாம் மறந்துவிடவில்லை. ஆகவே, புத்தளத்திலிருந்து கிழக்கே, நொச்சியாகமை வழியாக அனுராதபுரத்தோடு இணைப்பதே தக்கது என்கிறார். வீதி அளவில் அது 75 கிலோமீற்றர். இணைந்துவிட்டால் மன்னாருக்குச் செல்வோரின் சுற்று பாதிக்கு மேல் குறையும். உப்பும் சீமெந்தும் கொழும்பைத் தொடாமலே வடக்கே போகும். நமக்கும் இதுவே ஏற்புடையது. ஆயினும் அந்த 75 கிலோமீற்றரில் ஊர்கள் நெருக்கமில்லை. அங்கும் யானை உண்டு. முதலில் லூப்புகளையும் பாலங்களையும் கவனித்து, உள்ள பாதையில் வண்டிகளைப் பெருக்கிக் காட்டிவிட்டுப் பின்னர் அதைக் கேட்பதே முறை என்றோம். நண்பர் பதிலுக்கு, "நீங்கள் மாஸ்டர்மார் எல்லாம் பரீட்சை வைத்துத்தான் பாஸ் கொடுப்பீர்கள்" என்றார்.

அதன்பின் 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தது. தீவெங்கும் வெள்ளமும் மண்சரிவும் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டன. புகையிரதப் பாதைகள் பல இடங்களில் அறுந்தன. புதுப்பாதை பற்றிய பேச்சுக்கெல்லாம் பணப்பெட்டியில் இனி நெடுங்காலம் இடமிராது. இடிந்ததைக் கட்டவே கடன் வேண்டும். இக்கட்டுரையை எழுதுமுன் நண்பரோடு தொலைபேசியில் பேசினோம். அனுராதபுரத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. ஒற்றைப் பாதைகளில் அடித்துப்போன அணைகளைத் திரும்பக் கட்டுகிறபொழுதே, பக்கத்தில் ஒரு லூப்புக்கு மண் நிரப்பி வைப்பார்களா என்றுதான் கேட்டார். கட்டும் வேலையோடு வேலையாகச் செய்தால் செலவு சொற்பமாம். பின்னர் தனியே செய்தால் பன்மடங்காம்.