இரண்டு துறைமுகங்களும் ஒரு கூடாரக் கடையும்

வட சென்னையின் நிலப்படத்தை விரித்து நோக்குவோர்க்குச் சாத்தாங்காடு ஒரு சிறு புள்ளியாகவே தென்படும். தெற்கே, இராயபுரத்தை அடுத்துச் சென்னைத் துறைமுகம். வடக்கே, எண்ணூருக்கு அப்பால், 2001-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கி இன்று காமராசர் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகம். இவ்விரண்டிற்கும் நடுவே, திருவொற்றியூரிலிருந்து மணலி நோக்கிச் செல்லும் வழியில் அமைந்திருக்கிறது சாத்தாங்காடு. பெயரில் காடு உண்டு. மரங்களுக்குப் பதில் இரும்பு வளர்ந்த காடு இது. ஜார்ஜ் டவுன் தெருக்களின் நெருக்கடியைத் தணிக்கும் பொருட்டுச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த இரும்பு எஃகுச் சந்தை இங்கேதான் உள்ளது. கம்பிக் கட்டுகளும் தகட்டுச் சுருள்களும் சுமந்த லாரிகள் இரவு பகலின்றி வந்து போகின்றன. இங்கே காற்றுக்கும் ஓர் இரும்பு வாடை உண்டு.

இந்தக் கடற்கரைப் பட்டையின் வரலாறே வந்து சேர்ந்தவர்களின் வரலாறுதான். இராயபுரத்தின் பெயரே புனித இராயப்பரை நினைவூட்டுவது. அங்கே 1829-இல் எழுந்த அவருடைய கோவில், படகோட்டிப் பிழைத்த கிறிஸ்தவ மக்களின் உழைப்பால் கட்டப்பட்டது. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் இரயில் வண்டி இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. பின்னர் 1948-இல் எண்ணூரில் மோட்டார் வாகனத் தொழிற்சாலையும், 1955-இல் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும், 1969-இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் இயங்கலாயின. ஒவ்வோர் ஆலையும் ஒரு தலைமுறையைத் தன்பால் ஈர்த்தது. தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த குடும்பங்கள் இங்கே வேர்விட்டன. நம் பங்குகளும் அவற்றோடு வளர்ந்தன.

இன்று வேறொரு தலைமுறை வந்துகொண்டிருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் இளைஞர்கள் வருகின்றனர். சுமை ஏற்றுவதும், தகடு வெட்டுவதும், பற்றவைப்பதும் பெரும்பாலும் அவர்கள் கைகளே. ஞாயிறு திருப்பலியில் கோவிலின் கடைசி வரிசையில் நின்று, தமிழ்ச் செபங்களுக்கு வாய் திறக்க இயலாமல், ஆனால் சிலுவை அடையாளத்தை மட்டும் நம்மைப் போலவே வரைந்துகொள்ளும் சில இளைஞர்களை இப்பகுதிப் பங்குகளில் காணலாம். சாத்தாங்காடு நமக்குப் பக்கத்துத் தெரு. அவர்களுக்கோ அது அயல்நாடு.

இதை நினைக்கும்போது நம் சிந்தை இயல்பாகவே மற்றொரு பட்டணத்தை நோக்கிச் செல்கிறது. கிரேக்க நாட்டுக் கொரிந்தும் இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே இருந்த ஊர். மேற்கே இலெக்கேயோன், கிழக்கே கெங்கிரேயா. இரு கடல்களுக்கும் இடையே உள்ள குறுகிய நிலத்தின் குறுக்கே கல் பாவிய தடமொன்றை அமைத்து, சிறு கலங்களையும் சரக்குகளையும் தரைவழியே இழுத்துச் சென்றார்கள். மாலுமிகள், சுமைகாரர்கள், விடுதலை பெற்ற அடிமைகள், வணிகர்கள் எனப் பல மொழி பேசுவோர் கலந்து வாழ்ந்த நகரம் அது. 1896-ஆம் ஆண்டு முதல் அங்கு நடைபெற்று வரும் அகழாய்வுகளில், சந்தைவெளியை ஒட்டி வரிசை வரிசையாகச் சிறு கடைகள் வெளிப்பட்டுள்ளன.

அத்தகைய கடைகளுள் ஒன்றில்தான் அக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் கணவனும் மனைவியும் கூடாரம் செய்து பிழைத்திருக்க வேண்டும். அக்கிலா கருங்கடல் கரையிலுள்ள போந்து நாட்டில் பிறந்தவர். உரோமையில் குடியிருந்த அவர்களை, யூதர்கள் நகரை விட்டு வெளியேற வேண்டும் என்ற கிளாதியுப் பேரரசரின் ஆணை, ஏறக்குறைய கி.பி. 49-இல் கொரிந்துக்குத் துரத்தியது. ஆகவே அவர்கள் மறைபரப்பாளர்களாக அவ்வூருக்கு அனுப்பப்பட்டவர்கள் அல்லர். ஊரை இழந்து வந்தவர்கள். இதை நாம் கவனிக்க வேண்டும். புலம்பெயர்ந்த துயரத்தையே ஆண்டவர் தம் பணிக்கு வாசலாக்கினார்.

அவர்களுடைய அன்றாட வாழ்வு எப்படி இருந்தது? திருத்தூதர் பணிகள் நூலின் 18-ஆம் அதிகாரம் சில வரிகளிலேயே சொல்லிவிடுகிறது. தங்கள் தொழிலையே செய்பவர் என்பதால் பவுல் அவர்களிடம் வந்து, அவர்களோடு தங்கி, அவர்களோடு வேலை செய்தார். தோலையோ முரட்டுத் துணியையோ அளந்து, வெட்டி, தடித்த ஊசியால் தைக்கும் வேலை அது. விரல்கள் காய்த்துப் போகும். ஆனால் கொல்லன் உலையைப் போன்ற இரைச்சல் இல்லாத தொழில். தைத்துக்கொண்டே பேசலாம், வாடிக்கையாளரின் வினாவுக்கு விடை சொல்லலாம். பவுல் கொரிந்தில் தங்கிய ஒன்றரை ஆண்டுக் காலத்தின் நற்செய்திப் பணிக்கு, உண்ண உணவும் உறங்க இடமும் உழைக்க ஒரு பலகையும் தந்தது இந்தத் தம்பதியரின் இல்லமே.

பின்னர் அவர்கள் பவுலோடு கெங்கிரேயாவில் கப்பலேறி எபேசு சென்றார்கள். பவுல் பயணத்தைத் தொடர்ந்தார். அவர்கள் அங்கேயே தங்கினார்கள். மறுபடியும் புதிய ஊர், புதிய கடை, புதிய முகங்கள். அங்கே அலெக்சாந்திரியாவில் பிறந்த அப்பொல்லோ என்னும் சொல்வன்மை மிக்க போதகர் வந்தார். அவருடைய அறிவில் ஒரு குறை இருந்தது; யோவானின் திருமுழுக்கை மட்டுமே அறிந்திருந்தார். தம்பதியர் அவரைச் சபை நடுவே திருத்தவில்லை. தனியே அழைத்துச் சென்று, இறைநெறியை இன்னும் தெளிவாக விளக்கினார்கள். கல்வியில் சிறந்தவர், கூடாரம் தைக்கும் கைகளிடம் பாடம் கேட்டார். கற்றவருக்குப் பணிவும் கற்பித்தவருக்குப் பண்பும் இருந்ததால் திருச்சபை ஒரு சிறந்த போதகரைப் பெற்றது.

எபேசிலும், பின்னர் திரும்பிச் சென்ற உரோமையிலும் அவர்கள் வீட்டிலேயே சபை கூடியது. தமக்காக அவர்கள் தலையையே கொடுக்கத் துணிந்தவர்கள் என்று பவுல் உரோமையர் திருமுகத்தில் நன்றியோடு எழுதுகிறார். புதிய ஏற்பாட்டில் ஆறு இடங்களில் இவர்கள் பெயர் வருகிறது. ஆறிலும் இருவரும் சேர்ந்தே குறிக்கப்படுகின்றனர். அவற்றுள் நான்கில் மனைவியின் பெயரே முன்னே நிற்கிறது. அவர்கள் வயதை மறைநூல் கூறவில்லை. ஆயினும் கடைசியாகத் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் வாழ்த்துப் பெறும்போது, உரோமையை விட்டுத் துரத்தப்பட்ட நாளிலிருந்து பல ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. கூந்தல் நரைத்திருக்கும், ஊசி கோக்கக் கண் கூசியிருக்கும். பணி மட்டும் ஓயவில்லை.

திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தாரின் சமாதி உள்ளதை வாசகர்கள் அறிவர். பெருஞ்செல்வத்தையும் வீட்டையும் துறந்தவர் என்று தமிழுலகம் அவரைப் போற்றுகிறது. அத்துறவின் பெருமையை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் காட்டுவது வேறொரு துறவு. அவர்கள் ஊரைத் துறந்தார்கள், இல்லறத்தைத் துறக்கவில்லை. சென்ற இடமெல்லாம் தங்கள் வீட்டை உடன் கொண்டு சென்று, அதன் கதவைத் திறந்து வைத்தார்கள். 1981-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் வெளியிட்ட குடும்பம் பற்றிய திருத்தூது ஊக்கவுரையில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இவர்களையே எடுத்துக்காட்டி, தம் வாழ்வின் ஒரு பகுதியையேனும் மறைபரப்புத் தளங்களுக்கு அளிக்கும் கிறிஸ்தவத் தம்பதியரைப் பாராட்டினார்.

இது யாருக்கோ சொல்லப்பட்டதன்று. ஆலையில் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற தந்தையும், பிள்ளைகளைக் கரையேற்றிய தாயும் நம் பங்குகளில் எத்தனையோ பேர். மகன் சிங்கப்பூரில், மகள் அமெரிக்காவில். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் அழைக்கிறார்கள். அங்கே பகலெல்லாம் பூட்டிய வீடு. பேச்சுத் துணையில்லாத சன்னல். திரும்பி வந்தால் இங்கேயும் வெறிச்சோடிய வீடு. "எங்கள் வேலை முடிந்துவிட்டது, சாமி" என்ற சொல்லை இல்லம் சந்திக்கும் குருக்கள் அடிக்கடி கேட்கின்றனர். முதுமையின் நோயும் மருந்துச் செலவும் பொய்யல்ல. ஆயினும் உடல் வலியினும் கொடியது, தாம் இனி யாருக்கும் தேவையில்லை என்ற எண்ணம்.

அப்படிப்பட்டவர்க்கு இந்தக் கூடாரக் கடை ஒரு நல்ல செய்தியைச் சொல்கிறது. அயல்நாடு செல்வோர் அங்கே தமிழ்த் திருப்பலி நடக்கும் இடத்தைத் தேடிச் சென்று, புதிதாக வந்த இளம் குடும்பத்தை ஒருவேளைச் சோற்றுக்கு அழைக்கட்டும். தாய்மொழி மறந்துவரும் சிறுவர்க்குச் செபம் சொல்லிக் கொடுக்கட்டும். பயணம் போக இயலாதோர் வருந்த வேண்டியதில்லை. அயல்நாடே அவர்கள் வாசலுக்கு வந்திருக்கிறது. சாத்தாங்காட்டுச் சந்தையில் காயம்பட்ட ஒடிய இளைஞனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, சீட்டு எழுதி, மருத்துவர் சொல்வதை விளக்க ஒரு பெரியவர் போதும். அஞ்சலகத்திலும் வங்கியிலும் தமிழ் படிவத்தின் முன் திகைத்து நிற்பவனுக்கு ஓய்வு பெற்ற எழுத்தர் ஒருவர் போதும். கிறிஸ்து பிறப்பு நாளில் தாயை நினைத்துக் கண் கலங்குபவனுக்கு ஒரு தாயின் கையால் ஒரு தட்டுச் சோறு போதும்.

2023-ஆம் ஆண்டு திசம்பரில் மிக்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவர் படகுகளையும் வலைகளையும் கறைப்படுத்தியது. கருமை எவ்வளவு விரைவில் வீடு வீடாகப் பரவும் என்பதை நம் மக்கள் அன்று கண்டார்கள். நன்மையும் அவ்வாறே ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் பரவக்கூடியதே. ஆனால் அது தானாக மிதந்து வருவதில்லை. ஒருவர் எழுந்து சென்று கதவைத் தட்ட வேண்டும்.

இம்மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் உடனே வீடு திரும்பாமல், கோவிலின் கடைசி வரிசைக்குச் சென்று, "தம்பி, உன் ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள். மொழி தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். அவர்களுக்குத் தெரிந்த தமிழ் போதும், தெரியாததைச் சோறு சொல்லிவிடும். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து கேளுங்கள். அக்கிலாவின் வீட்டுக் கதவு அவ்வாறுதான் திறந்தது.