பேனரில் இடம் பெறாத சிஸ்டரம்மா

எங்கள் சிஸ்டரம்மாவின் நினைவு பேனரில் மூன்று வரிகள் இருந்தன: அர்ப்பணிப்புள்ள செவிலியர், அன்புத் தாய், சபையின் உண்மையுள்ள அங்கத்தினர். மூன்றும் உண்மை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அவர் என்ன விலை கொடுத்தார் என்று பேனரில் யாரும் அச்சடிக்க மாட்டார்கள். அதைத்தான் இங்கே எழுதுகிறோம். குடும்பத்தை எண்ணிப் பெயரைத் தவிர்க்கிறோம். எங்களுக்கு அவர் எப்போதும் சிஸ்டரம்மாதான்.

இளையாத்தங்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்றான கைலாசநாதர் கோயில் நினைவுக்கு வரும். காஞ்சி மடத்தின் 65ஆவது பீடாதிபதியின் அதிஷ்டானமும் இங்கேதான் இருக்கிறது. ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் அதோடு திரும்பிவிடுவார்கள். எங்கள் தெருவுக்கு வருவதில்லை. அந்தத் தெருவில் கூலிக்குப் போன தாய் தகப்பனுக்குப் பிறந்து, துணை செவிலியர் பயிற்சி முடித்து, கிராம சுகாதார செவிலியராக அரசு வேலைக்குப் போன முதல் பெண் அவர்.

நம் பெண்கள் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தார்கள்? சேவை மனப்பான்மை என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். ரத்தமும் மலமும் சீழும் தொட வேண்டிய வேலை, இரவில் வீட்டுக்கு வெளியே தங்க வேண்டிய வேலை என்று ஆதிக்கச் சாதிக் குடும்பங்கள் தங்கள் பெண்களை நெடுங்காலம் இதற்கு அனுப்பவில்லை. மிஷன் மருத்துவமனைகளும் பயிற்சிப் பள்ளிகளும் திறந்த கதவு வழியாகத்தான் கிறித்தவப் பெண்கள் வந்தார்கள். வேலூரில் செவிலியர் பயிற்சி 1909இல் தொடங்கியது. எங்கள் பக்கம் திருப்பத்தூரில் சுவீடன் மிஷன் மருத்துவமனை இருந்தது. 1946இல் போர் குழு அறிக்கை தந்தபோது இந்தியாவில் ஏறத்தாழ 43,000 பேருக்கு ஒரு செவிலியர்தான். மற்றவர்கள் தீட்டு என்று விலகிய வேலையை நம் பெண்கள் படிப்பாக்கி, சம்பளமாக்கி, மரியாதையாக்கினார்கள்.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசுக் கணக்கு. அந்த 5,000 பேரில் யார் மாதவிலக்குத் தள்ளிப் போயிருக்கிறாள், எந்தக் குழந்தைக்கு மூன்றாவது ஊசி பாக்கி, எந்தக் கர்ப்பிணிக்கு ரத்தம் குறைவு என்பதெல்லாம் கிராம செவிலியரின் நோட்டில் இருக்க வேண்டும். சிஸ்டரம்மாவுக்கு நோட்டே தேவைப்படாது. தோளில் தடுப்பூசிப் பெட்டி, கையில் குடை என்று பஸ் போகாத ஊர்களுக்கு நடந்தே போனவர். 1995இல் போலியோ சொட்டு மருந்து இயக்கம் தொடங்கியதிலிருந்து ஒரு சுற்றையும் அவர் விட்டதில்லை. 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. அந்தச் சான்றுக்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் கால்கள் இருக்கின்றன.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு ஒரு பக்கம், பின்கட்டு வாசல் மறுபக்கம். வேலை பார்த்த ஊர் ஒன்றில் சர்க்கரை நோயாளியான ஓர் ஆச்சிக்கு ஊசி போட அவரைக் கூப்பிடுவார்கள். "ஏம்மா சிஸ்டரு, பின்பக்கமா வந்துரு" என்பார்கள். ஊசி போட்டு முடித்ததும் ஒரு பிளாஸ்டிக் தம்ளரில் காபி வரும். அந்த வீட்டில் வேறு யாரும் அந்தத் தம்ளரைத் தொட்டதில்லை. அவர் குடிக்காமல் கைகழுவிவிட்டு வருவார். "ஊசிக்கு மட்டும் சாதி தெரியாதாக்கும்" என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

சிரிக்க முடியாத நாளும் வந்தது. தடுப்பூசி போட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததென்று ஒருவர் நடுத்தெருவில் சாதிப் பெயரைச் சொல்லி அவரைத் திட்டினார். காவல் நிலையத்துக்குப் போனோம். சான்றிதழைப் பார்த்த அதிகாரி, "நீங்க கிறிஸ்டியன், பி.சி. வன்கொடுமைச் சட்டத்துல கேஸ் போட முடியாது" என்றார். திட்டியவருக்கு அவர் சாதி தெரிந்திருந்தது. சட்டத்துக்குத்தான் தெரியவில்லை.

சட்டம் எப்படிக் குருடானது என்பதைச் சொல்ல வேண்டும். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்கிறார்கள். சென்னையில் செருப்புத் தைத்து வாழ்ந்த சூசை, இந்து தொழிலாளிகளுக்குக் கிடைத்த பெட்டிக்கடை தனக்கும் வேண்டும் என்று கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் அவர் தோற்றார். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத் தடையை நீக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம். 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் புதுச்சேரி செல்வராணி வழக்கில், வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

இங்கேதான் "அன்புத் தாய்" என்ற வரி வருகிறது. சிஸ்டரம்மாவின் மகளும் செவிலியர் படிப்புக்கு விண்ணப்பித்தாள். அதே தெரு, அதே கொள்ளுத் தாத்தாவின் இந்துக் கிளையில் பிறந்த பெண்ணுக்கு இடம் கிடைத்தது. இவளுக்குக் கிடைக்கவில்லை. மாநில அரசின் சில கல்வி உதவிகள் மதம் மாறிய ஆதிதிராவிடருக்கும் உண்டு. இடஒதுக்கீட்டில் இவள் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில், நிலமும் கடையும் உள்ள சாதிகளோடு போட்டியிட வேண்டும். "ஒரு சடங்கு செஞ்சு பேரை மாத்திக்கிட்டா முடிஞ்சது" என்று நல்ல எண்ணத்தில் சொன்னவர்கள் உண்டு. அவர் மறுத்தார். "அந்தப் பிள்ளைக்குக் கெடச்சது சந்தோசம். அதுக்காக எம்மக பொய் சொல்லிப் படிக்க வேணாம்" என்றார். தன் வைப்பு நிதியில் கடன் எடுத்துத் தனியார் கல்லூரியில் படிக்க வைத்தார். ஓய்வு பெறும்வரை அந்தக் கடன் தீரவில்லை.

இத்தனை விலை கொடுத்துப் பிடித்துக்கொண்ட சபை அவரை எப்படி நடத்தியது? பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபம் நடத்த, நோயாளிகளைச் சந்திக்க, பண்டிகைக்குக் கோயிலைக் கழுவ அவர் வேண்டும். சபைக் கமிட்டிக்கு நின்றபோது மட்டும், "உங்களுக்கு எதுக்கு இந்த வம்பெல்லாம்" என்றார்கள். இரண்டு முறை நின்று தோற்றார். ஏன் இன்னும் போகிறீர்கள் என்று நாங்கள் கோபமாகக் கேட்டோம். "எங்க தாத்தா மண்ணு சுமந்து கட்டுன கோயிலு. நான் ஏன் வெளிய போகணும்?" என்றார். மதம் மாறினால் சாதி போய்விடும் என்று சொல்கிற அரசு, அந்தக் கமிட்டித் தேர்தலை ஒருமுறை வந்து பார்த்திருக்கலாம்.

இவரைத் தியாகி ஆக்குவது எங்கள் நோக்கமில்லை. தியாகி என்று சொல்லிவிட்டால் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அவருக்குத் தேவைப்பட்டது புகழ்ச்சி அல்ல. முன்வாசல், புகாரைப் பதிவு செய்யும் காவல் நிலையம், மகளுக்கு நியாயமான ஒரு வரிசை, கமிட்டியில் ஒரு நாற்காலி. முதல் வாசலையும் கடைசி நாற்காலியையும் ஊரும் சபையும் தர வேண்டும். நடுவில் உள்ள இரண்டையும் 1950 ஆணையின் மூன்றாம் பத்தியை நீக்கி அரசு தர முடியும்.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 10ஐத் தலித் கிறித்தவர்கள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். வரும் ஆகஸ்டில் எங்கள் தெருவிலும் கறுப்புக் கொடி ஏற்றுகிறோம். சிஸ்டரம்மாவின் மகள் இப்போது செவிலியர். இரவுப் பணி முடித்து வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். சபை மக்களையும், இந்துவாக இருக்கிற எங்கள் சொந்தங்களையும் சேர்த்தே அழைக்கிறோம்.